எல்லார் கன்னத்திலும்

குலேந்திரன் தன் மனைவி மங்கையர்க்கரசியை நோர்வேயில் முதன்முதலாக அறைந்தபோது, அந்த மஞ்சள் கட்டடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் இடது கன்னம் வீங்கியது. அறைந்தவனுக்கும் அறை வாங்கியவளுக்கும் மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

அவளும் மகள் ஆரணியும் அங்கே வந்திறங்கி அப்போது இரண்டாவது கிழமை. நிலப்படத்தில் விரலை மேலே மேலே தள்ளிக்கொண்டு போனால் இனித் தள்ள இடமில்லை என்று விரல் நிற்குமே, அந்த இடத்தில் இருந்தது ஊர். மலை கறுப்பு, கடல் கறுப்பு, இரண்டுக்கும் நடுவில் கிடந்த பனி மட்டும் வெள்ளை. கார்த்திகை கழியும்போது சூரியன் மலைக்குப் பின்னால் போய்ப் படுத்தால் தை மாதம் வரை எழும்பாது; மத்தியானச் சோற்றையும் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் தின்ன வேண்டும். அந்த ஊருக்கு ஒரு மீன் ஃபாக்டரி இருந்தது. கடல் விறைக்கிற குளிரில் மீனை வெட்டிக் கழுவி முள்ளெடுக்க அந்த ஊர்ப் பிள்ளைகள் மனமில்லாமல் தெற்குப் பட்டணங்களுக்குப் போய்விட்ட காலத்தில், சண்டைக்குத் தப்பி வந்த தமிழர்கள் அந்தக் கத்திகளைக் கையில் எடுத்தார்கள். ஃபாக்டரிக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்தபடி நின்ற மஞ்சள் கட்டடம் அவர்களால் நிரம்பியது. நாலாம் மாடியில் ரண்டி என்ற வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி மட்டும் பழைய ஆளாக மிஞ்சியிருந்தாள்.

குலேந்திரன் நாலு வருசத்துக்கு முன்னமே வந்தவன். அந்த நாலு வருசமும் காரைநகரில் மங்கையின் உடம்பு அடியை மறந்து கிடந்தது. கலியாணம் கட்டிய புதிதிலேயே அவன் கை நீளத் தொடங்கியது. மீன் குழம்பில் புளி கூடினாலும் அடி, குறைந்தாலும் அடி, இரண்டும் சரியாயிருந்தால் அவள் சிரித்ததற்கு அடி. வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த சனம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ரேடியோவைக் கூட்டி வைக்கும். ஷெல்லடிக்குப் பதுங்கு குழிக்குள் ஓடுகிறபோதும் அவன் அடித்துக்கொண்டே ஓடிய நாள் உண்டு. பிறகு அவன் வெளிநாடு போனான். மேலே குண்டு விழுந்தாலும் வீட்டுக்குள் அடி விழவில்லை என்று அவள் அந்த யுத்த காலத்தைச் சமாதான காலமாகவே வாழ்ந்தாள்.

விமான நிலையத்தில் அவன் தடித்த கோட்டோடு காத்து நின்றான். குனிந்து மகளின் காலில் கம்பளிச் சப்பாத்தைத் தானே மாட்டிவிட்டான். பனியில் நடக்கச் சொல்லிக் கொடுத்தான். "தாரா நடக்கிற மாதிரி நட, விழமாட்டாய்" என்று தானே தாரா வாத்தைப் போலக் காலை அகட்டி நடந்து காட்டினான், ஆரணி சிரித்தாள். குளிர் அவனுடைய கோபத்தை அணைத்துவிட்டது என்று மங்கை நம்பினாள். முதல் கிழமை முழுக்க அந்த நம்பிக்கையை அடுப்பில் வைத்த பால்போல விலகாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாலில்தான் அது முறிந்தது. கடையில் பால் வாங்கப் போனவள், ஒரே மாதிரிப் பெட்டிகளில் எது எது என்று வாசிக்கத் தெரியாமல் புளித்த பாலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அன்றைக்கு ஃபாக்டரியில், குலேந்திரனுக்குச் சொன்னது விளங்காமல் போனதற்காக, ஃபோர்மன் அவன் வெட்டிய மீனைத் தூக்கி எல்லாருக்கும் காட்டிக் கத்தியிருந்தான். தமிழ்ப் பொடியள் உட்பட எல்லாரும் சிரித்திருந்தார்கள். அவன் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்து கோப்பையைத் தூக்கினான். தேத்தண்ணி திரைந்து, கட்டி கட்டியாய் மிதந்தது.

"என்னடி இது?"

"பால்தானப்பா... பெட்டியில மாட்டுப் படம் கீறிக் கிடந்தது..."

அவன் எழும்பி அறைந்தான். மங்கைக்குச் சத்தம் கேட்டது. ஆனால் பக்கத்து வளவில் யாரோ ஈர உடுப்பைக் கல்லில் அடித்ததுபோல, சத்தம் மட்டுந்தான். கன்னத்தைப் பொத்தப் போன கை பாதி வழியில் நின்றது. மேசைக்கு அந்தப் பக்கம் பாண் தின்றுகொண்டிருந்த ஆரணி கதிரையோடு சரிந்து விழுந்தாள். மேல் வீட்டில் ஒரு பீங்கான் உடைந்தது. கீழே ஒரு கைக்குழந்தை வீரிட்டது. எதிர்வீட்டில் பரமேஸ் அக்கா "ஐயோ அம்மா!" என்று கத்தினாள். அடித்தளத்தில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்த பொடியள் "ஆரடா அடிச்சது? ஆரடா அடிச்சது?" என்று ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக் குத்தத் தொடங்கியிருந்தார்கள்.

மங்கை மகளைத் தூக்கினாள். பிள்ளையின் கன்னத்தில் அஞ்சு விரலும் பதிந்து, மோதிர விரலின் அடியில் சதுரமான ஒரு கல்லின் பள்ளமும் கிடந்தது. சொல்ல வெட்கமான ஒன்று அப்போது அவளுக்குள் நடந்தது: பிள்ளையின் கன்னத்தைப் பார்ப்பதற்கு ஒரு கணம் முந்தி, நோகவில்லையே என்ற சந்தோசம் அவள் நெஞ்சில் எழும்பி நின்றது.

அடுத்த நாள் கட்டடம் முழுக்க ஒரே கன்னத்தோடு வேலைக்குப் போனது. ஊர் டொக்டர், மீனின் உப்புத் தண்ணி ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லாருக்கும் ஒரே களிம்பைக் கொடுத்தார். மீனே தொடாத ரண்டிக் கிழவிக்கும் கொடுத்தார். சிலர் குளிர் என்றார்கள். சிலர் கட்டடத்துக்குச் சாந்தி செய்யவேண்டும் என்றார்கள். ஆனால் அடித்தளத்துப் பொடியள் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒருத்தன் கன்னத்தில் மற்றவன் கையை வைத்து அளந்து பார்த்தார்கள். ஃபாக்டரியில் கையுறை கழற்றும் நேரம் பார்த்துக் குலேந்திரனின் மோதிரத்தைக் கண்டார்கள். சதுரக் கல். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

இரண்டாவது அடி முதுகில் விழுந்தது. மூன்றாவது, இடுப்பில் உதை. பரமேஸ் அக்காவின் கையிலிருந்த கொதி எண்ணெய்ச் சட்டி தவறியது. கைக்குழந்தையின் தொடை கறுத்தது. பரமேஸ் அக்காவின் புருசனும் தமிழ்ச் சங்கத் தலைவருமான சந்திரன் அண்ணை, உடுப்புத் தோய்க்கிற அறையில் கூட்டம் கூட்டினார். மிசின்கள் சுழன்றுகொண்டிருக்க, சனம் அவரவர் காயத்தை அவரவர் பொத்திக்கொண்டு நின்றது. ஏன் இப்படி நடக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. உலகத்தின் நுனியில், சூரியன் வராத ஊரில் இதெல்லாம் நடக்குமாக்கும் என்று ஏற்றுக்கொண்டார்கள். என்ன செய்வது என்பதுதான் பேச்சு. பேசிப் பேசி, தங்களைப் பிணைத்த கயிற்றை அறுக்க வழியில்லாவிட்டால், அதை இழுக்கிற மாட்டைத்தான் தடவிக் கொடுக்கவேண்டும் என்று முடிவாயிற்று. யார் மாடு என்பதில் கொஞ்சம் குழப்பம் இருந்தது. முதலில் அவர்கள் மங்கையிடந்தான் போனார்கள்.

பரமேஸ் அக்கா கட்டுப் போட்ட கையோடு மங்கையின் குசினியில் வந்து இருந்தாள்.

"பிள்ளை, குறை நினைக்காதையும். ஆம்பிளையள் வேலையால களைச்சு வருவினம். நீர் கொஞ்சம் பொறுமையா, அவரின்ரை மனம் கோணாமல் நடக்கலாந்தானே?"

"நான் ஒண்டும் செய்யேல்லை அக்கா."

"அது தெரியும். ஒண்டும் செய்யாமல் இருக்கிறதையும் ஒரு பதமாச் செய்யவேணும். எங்களுக்கும் நோகுதெல்லோ?"

மங்கை அந்தக் கட்டைப் பார்த்தாள். தன் மேல் விழுந்தது இன்னொருத்தியின் தோலில் பழுத்துக் கிடப்பதைப் பார்க்க அவளுக்கு மன்னிப்புக் கேட்கத் தோன்றியது, கேட்டாள். கேட்ட பிறகுதான், தான் எதற்காகக் கேட்டோம் என்று கோபம் வந்தது. இவளுக்குத் தன் கை நொந்த பிறகுதானே என் வீட்டு வாசல் தெரிந்தது என்று நினைத்தாள்.

பிறகு சனம் குலேந்திரனைத் தடவத் தொடங்கியது. வீட்டுக்கு வீடு கறி போனது. கணவாய்ப் பொரியல் ஒரு வீட்டில், ஒடியல் கூழ் இன்னொரு வீட்டில். அவன் படியேறும்போது பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி "மாமாவுக்கு வணக்கம் சொல்லு" என்றார்கள். சீட்டில் அவனை வெல்ல விட்டார்கள். கார் தரிப்பிடத்தில் அவனுடைய காரின் பனியை முதலில் வழித்தார்கள். ரண்டிக் கிழவிகூட ஒரு கேக் சுட்டு, தடுமாறித் தடுமாறி ஒரு தமிழ்ச் சொல்லைச் சொல்லி அவன் கையில் கொடுத்தாள். ஊரில் ஒரு கோவில் திருவிழாவிலும் முன்வரிசையில் நிற்காத குலேந்திரன், நோர்வேக்காரன் முன்னால் வாயைத் திறக்கவே பயந்த குலேந்திரன், அந்த மஞ்சள் கட்டடத்துக்குள் கால் வைத்ததும் ராசா ஆனான்.

ராசாவுக்குத் தன் ஆயுதம் எதுவென்று விளங்கக் கனநாள் எடுக்கவில்லை. ஃபாக்டரியில் அடித்தளத்துப் பொடியன் ஒருத்தன் மறதியில் அவனைப் பகிடி பண்ணினான். குலேந்திரன் கத்தியைத் துடைத்து வைத்து, "சரி தம்பி, ஷிப்ட் முடிய வீட்ட போய்க் கவனிக்கிறன்" என்றான். வீட்டுக்கு வந்து, மங்கையிடம் ஒரு கோபமும் இல்லாமல், உடுப்பைக்கூட மாற்றாமல், அவளைச் சுவரோடு நிறுத்தி வயிற்றில் குத்தினான். குத்திவிட்டுத் தலையைச் சரித்துக் காது கொடுத்தான். கீழேயிருந்து அந்தப் பொடியன் ஓங்காளித்து வாந்தியெடுக்கும் சத்தம் வந்தது. அவன் சிரித்தான்.

அன்றைக்குத்தான் மங்கை முதன்முதலாகப் பயந்தாள். அவன் கோபத்தில் அடித்த காலத்தில் அவள் ஒரு மனுசி. இப்போது அவள் ஒரு பறை. அடிப்பவன் அவளைப் பார்க்கவேயில்லை, பறைச் சத்தம் போய்ச் சேரும் இடத்தைத்தான் பார்த்தான். சுவரோரத்தில் ஆரணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் வாந்தியெடுத்தாள். சத்தம் போட்டால் அப்பா இன்னும் அடிப்பார், அடித்தால் கீழ்வீட்டுக் குழந்தைக்கும் நோகும் என்று அந்தப் பிள்ளை கண்டுபிடித்திருந்தது.

ரண்டிக் கிழவிதான் பொலீசுக்குச் சொன்னாள். இளவட்டப் பொலீஸ்காரன் ஒருத்தன் வந்து, ஒரு பொம்பிளைப் பொலீசோடு மங்கையின் உடம்பை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தான். ஒரு கீறல் இல்லை. காரைநகர்க் காலத்துத் தழும்புகள்கூட மங்கிப்போயிருந்தன. கட்டடத்துச் சனத்தின் உடம்பிலோ எண்ண முடியாத காயம். ஆனால் அவர்களை இவன் தொடவில்லை என்று அவர்களே சொன்னார்கள். "அடித்தவன் இருக்கிறான், அடிபட்டவர்களும் இருக்கிறார்கள், நடுவில் கோடு போட எனக்குச் சட்டமில்லை" என்று மொழிபெயர்க்க வந்தவர் அந்தப் பொலீஸ்காரன் சொன்னதைச் சொன்னார். அவர்கள் போன பிறகு குலேந்திரன் பெல்ட்டைக் கழற்றினான். நாலாம் மாடியில் ரண்டியின் கண்ணாடி உடைந்து, இமை கிழிந்தது.

அதற்குப் பிறகு மங்கை ஒரு வழி பார்த்தாள். கட்டடத்துக்கு வெளியே இருப்பவரை அடி தொடுவதில்லை என்று, பள்ளிக்கூடத்தால் வரப் பிந்திய ஆரணி நோகாமல் தப்பிய ஒரு நாளில் அவளுக்குத் தெரிந்திருந்தது. அவன் வேலையால் வரும் நேரத்தில் பிள்ளையை வெளியே அனுப்பத் தொடங்கினாள். நூலகத்துக்கு, கடைக்கு, ஒன்றுமில்லாவிட்டால் பனியில் சறுக்கி விளையாட. சனம் இதைக் கவனித்தது. சந்திரன் அண்ணைக்கு மூளை வேலை செய்தது.

"நெருப்புப் பிடிச்சால் என்ன செய்யிறம்? வெளியில போய் நிக்கிறம். இதையும் நெருப்பெண்டு நினையுங்கோவன்."

அப்படியே நடந்தது. குலேந்திரனோடு ஷிப்டில் நிற்கிற யாரோ ஒருத்தர் அவனுடைய முகத்தைப் பார்த்துவிட்டு ஃபோன் எடுப்பார். கட்டடத்தில் கதவுகள் தட்டப்படும். கோட்டு, தொப்பி, கைக்குழந்தைக்குக் கம்பளி, பிளாஸ்கில் தேத்தண்ணி. எல்லாரும் இறங்கிக் கார் தரிப்பிடத்தில் கூடி நிற்பார்கள். மத்தியானம் மூன்று மணி, நட்சத்திரம் தெரியும். குலேந்திரன் அவர்களைத் தாண்டி ஒரு பேச்சும் இல்லாமல் படியேறுவான். அவர்கள் வழி விடுவார்கள். பிறகு மூன்றாம் மாடி யன்னலின் மஞ்சள் திரையை அண்ணாந்து பார்த்தபடி நிற்பார்கள். கொஞ்ச நாளில் அது பழகிப்போயிற்று. பொம்பிளைகள் அங்கேயே நின்று ஊர்ப் புதினம் பேசினார்கள், பொடியள் பனிக்கட்டி எறிந்து விளையாடினார்கள், யாரோ ரோல்ஸ் பொரித்துக்கொண்டு வந்தார்கள். ஆரணியும் அவர்களுக்கு நடுவில் நின்றாள். ஒருவருக்கும் ஒன்றும் நோகவில்லை. பீடை கழிந்துவிட்டது என்று சந்திரன் அண்ணை பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்.

ஆனால் அடி ஒன்று புறப்பட்டால் அது எங்காவது போய்ச் சேர்ந்துதானே ஆகவேண்டும். கட்டடம் வெறுமையான முதல் நாள், குலேந்திரனின் கை மங்கையின் காதில் விழுந்தபோது, போக ஓர் உடம்பும் கிடைக்காத அந்த அடி வந்த இடத்திலேயே தங்கிவிட்டது. காது கிழிந்ததுபோல ஒரு கூவல் கேட்டு அவள் முழங்காலில் விழுந்தாள். நாலு வருசமும் இந்தக் கொஞ்சக் கிழமைகளும் மறந்திருந்த நோ, வட்டியோடு வந்ததுபோல வந்தது. குலேந்திரனும் திகைத்து நின்றான். பிறகு அவளுடைய காதிலிருந்து வந்த ரத்தத்தை விரலில் தொட்டுப் பார்த்து, தொலைந்த பொருள் கிடைத்தவன்போல முகம் மலர்ந்தான்.

மங்கை ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆரணியின் கன்னம் சுத்தமாய் இருந்தது; கீழ்வீட்டுக் குழந்தை சிரித்தது; அது போதும் என்று இருந்தாள். அவள் காதைச் சுற்றி ஸ்காஃப் கட்டிக்கொண்டு குப்பை போடப் படியிறங்கினால், எதிரே வருபவர்கள் தங்கள் சப்பாத்துக் கயிற்றைக் குனிந்து கட்டினார்கள். அவளைப் பார்க்காமல் இருப்பது எப்படி என்று ஊரிலேயே அவர்கள் எல்லாரும் படித்திருந்தார்கள். பரமேஸ் அக்கா ஒருமுறை மட்டும் நின்று, "உமக்கு ஏதும் சுகமில்லையோ பிள்ளை?" என்று கேட்டாள். "தடிமன் அக்கா" என்றாள் மங்கை. "தடிமன்தான், இந்தக் குளிருக்கு" என்று அக்காவும் ஆறுதலோடு தலையாட்டிவிட்டுப் போனாள்.

சனம் எத்தனையோ தரம் அப்படி இறங்கி ஏறிய பிறகு, ஃபோர்மன் குலேந்திரனை வேலையிலிருந்து நிறுத்திய நாள் வந்தது. அவன் வாசலில் கிடந்த பனி வழிக்கிற சவளைத் தூக்கிக்கொண்டு படியேறினான். கூட்டம் வழி விட்டது. கொஞ்ச நேரத்தில் மூன்றாம் மாடியில் திரைச்சீலை அசைந்தது, இழுபட்டது, கம்பியோடு அறுந்து விழுந்தது. அதைப் பிடித்துக்கொண்டு விழாமல் நிற்கப் பார்த்த மங்கை, வெளிச்சமான யன்னலில் முழு உருவமாகத் தெரிந்தாள். அவளுடைய வாயிலிருந்து நாடிவரை சிவப்பாய் இருந்தது. அவளுக்குப் பின்னால் சவளின் பிடி உயர்ந்தது.

கீழே ரோல்ஸ் தின்ற வாய்கள் நின்றன.

"அவளுக்கு நோகுது" என்றான் ஒரு பொடியன், அப்படி நடக்கலாம் என்று ஒருநாளும் எண்ணாதவன்போல.

ஒருவரும் அசையவில்லை. ஆரணி அசைந்தாள். அவள் யாரையும் பார்க்கவில்லை, அழவும் இல்லை. அம்மா சொன்னபடி கழுத்துவரை பூட்டியிருந்த கோட்டோடு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு கட்டடத்தின் வாசலுக்கு ஓடினாள்.

"பிள்ளை! உள்ளுக்குப் போகாதை! அடி விழும்!"

"தெரியும்" என்று கத்திக்கொண்டே போனாள்.

முதல் மாடிப் படியில் அவளுக்கு அடி விழுந்தது. கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றவர்கள் அந்தச் சின்ன முதுகு வளைந்து, பிள்ளை முகங்குப்புற விழுவதைப் பார்த்தார்கள். மேலே யன்னலில், அதே கணத்தில், மங்கை நிமிர்ந்தாள். நோ திடீரென்று தன்னை விட்டுப் போனதும், அது யாரிடம் போயிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. கட்டடம் குலுங்க அவள் கத்திய கத்தல் கார் தரிப்பிடம்வரை கேட்டது.

பிள்ளை எழும்பினாள். திரும்பி ஓடி வரவில்லை. அடுத்த படியில் காலை வைத்தாள்.

பரமேஸ் அக்கா கையிலிருந்த பிளாஸ்கைப் பனியில் போட்டாள். "நான்தானே சொன்னனான்... பொறுமையா இரு எண்டு நான்தானே அந்தப் பிள்ளைக்குச் சொன்னனான்" என்று, யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு வாசலுக்குள் போனாள். அவளுக்குப் பின்னால், இமையில் தையலோடு ரண்டிக் கிழவி கைப்பிடியைப் பிடித்து ஏறினாள். பிறகு பொடியள். பிறகு, கைக்குழந்தையை வெளியே நின்ற ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு, அதன் தாய். கடைசியில் சந்திரன் அண்ணை. மேலே சவள்பிடி விழ விழ, படியில் ஏறிக்கொண்டிருந்த எல்லாருடைய முதுகும் ஒரே கயிற்றில் கட்டிய வள்ளங்கள்போல ஒன்றாய் எழும்பித் தாழ்ந்தன. ஒருத்தர் விழுந்தால் பின்னால் வந்தவர் தூக்கினார். பல் உடைந்தது, மூக்கு உடைந்தது, கிழவியின் விரலொன்று முறிந்தது. படியெல்லாம் ரத்தப் பொட்டு. அவர்கள் நிற்கவில்லை. ஒரு பொடியன் ஆரணியைத் தூக்கித் தன் கோட்டுக்குள் வைத்துக்கொண்டான்; அதனால் அடி குறையாது என்று தெரிந்தும் வைத்துக்கொண்டான்.

கதவு தாழிட்டிருந்தது. அதை உடைத்தார்கள்.

குலேந்திரன் திரும்பினான். அந்தச் சின்ன அறை, அதற்குப் பின்னால் நடை, அதற்குப் பின்னால் படி என்று கண்ணுக்கெட்டிய தூரம் ரத்தம் வழியும் முகங்கள் நின்றன.

"வெளியில போங்கோ! இது என்ரை குடும்ப விசயம்!"

சந்திரன் அண்ணை கையால் மூக்கைத் துடைத்து, அந்தக் கையை அவனுக்கு நீட்டிக் காட்டினார்.

"என்ரை மூக்கால ரத்தம் வருது தம்பி. பிறகென்ன உன்ரை குடும்பம்?"

அவன் சவளைச் சுழற்றி மங்கையின் தோளில் இன்னொருமுறை இறக்கினான். அவளுக்குத் தூசி விழுந்ததுபோல இருந்தது. அறை முழுக்க, நடை முழுக்க, படி முழுக்க அத்தனை தோள்களும் ஒரு பக்கமாய்ச் சரிந்து, பல்லைக் கடித்து, நிமிர்ந்தன. நிமிர்ந்து ஓர் அடி முன்னே வந்தன. அப்போதுதான் அவன் முகத்தில் பயம் வந்தது. ஒருத்தியை அடிக்கப் பழகிய கைக்கு அத்தனை பேரை அடித்துக் களைத்துவிட்டது போலும், சவள் நழுவியது.

அவர்கள் அவன் மேல் விழுந்தார்கள். அந்தக் கிழமைகள் முழுக்கத் தங்கள் உடம்பில் சேர்ந்த ஒவ்வொரு உதையையும் குத்தையும் அவன் உடம்பில் அதே இடம் பார்த்துத் திருப்பி வைத்தார்கள். வாந்தியெடுத்த பொடியன் வயிற்றிலேயே குத்தினான். அவன் நடைக்குத் தவழ்ந்து கதவு நிலையைப் பிடித்து எழும்பப் பார்த்தபோது, மோதிரக் கை நிலையில் இருப்பதைக் கண்ட பரமேஸ் அக்கா, தன் ஆயுளில் ஓர் ஆம்பிளைக்கு முன்னால் குரலை உயர்த்தியறியாத பரமேஸ் அக்கா, கட்டுப் போட்ட கையாலேயே கதவைப் பிடித்து முழுப் பலத்தோடும் அறைந்து சாத்தினாள். எலும்பு முறிந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. நோ அவனுக்கு மட்டுந்தான்.

மங்கை பார்த்துக்கொண்டு நின்றாள். நிறுத்துங்கோ என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை; உண்மையைச் சொன்னால், வரவழைக்க அவள் முயலவில்லை. அவன் தாராவைப் போல நடந்து காட்டிய நாள் ஒருமுறை நெஞ்சில் வந்து போனது. வந்தும் அவள் நின்றபடியே நின்றாள். கோட்டுக்குள்ளிருந்து இரண்டு கண் இதையெல்லாம் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்ட பிறகுதான் உடைந்த வாயால் பேசினாள்.

"போதும். விடுங்கோ. என்ரை பிள்ளை பாக்குது."

விட்டார்கள். மூச்சு வாங்க, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசிக்கொண்டு நின்றார்கள்.

அதே இளவட்டப் பொலீஸ்காரன் வந்தான். இம்முறை மங்கையின் காது கிழிந்திருந்தது, முன்பல் இரண்டு இல்லை, முதுகில் சவள்பிடியின் தடம் தடமாய்க் கிடந்தது. கட்டடம் வெறுமையாயிருந்த நேரங்கள் அவளுடைய உடம்பில் பதிந்து கிடந்தன. அவனுக்குக் கோடு போட இடம் கிடைத்தது. கையை முறித்தது யார் என்று கேட்டான். "கதவு" என்றார்கள் எல்லாரும், ரண்டிக் கிழவியும் தமிழிலேயே "கதவு" என்றாள். குலேந்திரனைக் கொண்டுபோனார்கள். தெற்கே ஒரு சிறையில் இருந்து, பிறகு வேறொரு நாட்டுக்குப் போய்விட்டதாகக் கதை வந்தது. தேடிப் போய் அறிய ஒருவரும் விரும்பவில்லை.

மங்கை ஃபாக்டரியில் கத்தி எடுத்தாள். வாசிக்கத் தெரியாத பெட்டிகளை ஆரணி வாசித்துக் காட்டினாள். சனம் முதலில் அவளுடைய கண்ணைப் பார்க்க வெட்கப்பட்டது; பிறகு மெல்ல மெல்லப் பார்த்தது. அந்த அதிசயம் கட்டடத்தை விட்டுப் போய்விட்டதா, அல்லது அவளை அடிக்க ஒரு கை இல்லாததால் சும்மா படுத்துக் கிடக்கிறதா என்று ஒருவருக்கும் தெரியாது. சோதித்துப் பார்க்கவும் ஒருவரும் துணியவில்லை.

அடுத்த இருட்டுக்காலமும் கழிந்து, சூரியன் மலைக்கு மேலே ஒரு நகக்கீறல் அளவு வந்துபோகத் தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை, சோறு வடிக்கும்போது பானை வழுக்கியது. கொதிகஞ்சி முழுக்க மங்கையின் காலில் ஊற்றியது. அவள் வீட்டில் ஒரு ஆண் குரலும் இல்லாத அந்தப் பகலில், தொண்டை கிழியக் கத்தினாள். கத்தி முடித்து, குளிர்தண்ணிக் குழாயைத் திறந்து காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, இது முழுக்க முழுக்கத் தன்னுடைய நோ, இதை வேறு ஒருத்தரும் சுமக்கவில்லை என்று பல்லைக் கடித்தபடி நினைத்தாள்.

படியில் தடதடவென்று கால்கள் ஓடி வந்தன. கதவு தள்ளித் திறந்தது. பரமேஸ் அக்கா ஒரு காலில் மட்டும் செருப்போடு, மூச்சிரைக்க, தன்னுடைய கன்னத்தையும் முதுகையும் கையையும் மாறி மாறித் தடவிப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றாள். அவளுக்குப் பின்னால் பொடியள். நடையில் மூச்சுவாங்கியபடி ரண்டிக் கிழவி.

"என்னக்கா, என்ன நடந்தது?" என்று மங்கைதான் கேட்கவேண்டியிருந்தது.

"நீர் கத்தினது கேட்டது" என்றாள் பரமேஸ் அக்கா. "எனக்கெண்டால் ஒண்டும் நோகேல்லை. அதுதான் பிள்ளை, பயந்துபோய் ஓடி வந்தனான்."